அருவிக்கரையில் மட்டும் கேட்ட காது

என் அன்பான அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நாலு சீசன் ஆகிவிட்டது. இந்த வருஷம் சாரல் சீக்கிரமே தொடங்கிவிட்டது. மெயினருவியில் நல்ல கூட்டம். நம் எண்ணெய், சோப்பு, துண்டுக் கடையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். உங்கள் ஸ்டூலை மட்டும் மாற்ற விடவில்லை. அதன் ஒரு கால் இன்னும் ஆடுகிறது.

எனக்குத்தான் பத்து நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தென்காசி வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பாலைப் பொங்கவிடுகிறேன், பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். விஷயம் என் காதைப் பற்றியது. உங்கள் காதைப் பற்றியதும்தான்.

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. அழுக்கு அடைத்திருக்கும் என்று நானே முடிவு செய்தேன். அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பார்த்தாள். உங்களுக்கு விட்ட அதே கரண்டியில்தான். ஒன்றும் நடக்காமல் போகவே, திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன்.

"செவிடுன்னா எல்லாம் ஒண்ணு இல்லம்மா" என்று ஆரம்பித்தார். சத்தம் உள்ளே போகிற வழியில் தடை இருப்பது ஒரு வகை. அழுக்கு, சீழ், கிழிந்த ஜவ்வு எல்லாம் அதில் அடங்கும். வழி சரியாக இருந்தும் உள்காதோ நரம்போ பழுதாவது இன்னொரு வகை. வயசாலும் வரும், காலமெல்லாம் கேட்ட இரைச்சலாலும் வரும், சில மருந்துகளாலும் வரும், பிறக்கும்போதே இருப்பதும் உண்டு. ரெண்டும் கலந்தும் வருமாம். அதற்கு மேல் லேசானது, நடுத்தரம், கடுமையானது, அறவே கேட்காதது என்று அளவு வேறு. இவ்வளவையும் நாம் 'காது கேக்காது' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தோம்.

பிறகு கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி என் காதருகே பிடித்தார். சரியாகக் கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கணீரென்று கேட்டது. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது அப்பா. கடைப் போன் ரிசீவரை நீங்கள் அங்கேதானே அழுத்தி வைத்துக்கொள்வீர்கள்? "அப்பா மூளைக்கே நேரா போன் போடுதாரு" என்று நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்போமே.

என் நடுக்காதில் அரை அரிசி அளவு எலும்பு ஒன்று அசையாமல் இறுகிவிட்டதாம். குடும்ப வழியில் வரக்கூடியதாம். பிள்ளைப்பேறுக்குப் பிறகு சிலருக்குக் கூடிவிடுமாம். ஆபரேஷன் செய்தால் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றார்.

"எங்க அப்பாவுக்கும் இதுதானா?" என்று கேட்டேன்.

"அவரைப் பாக்காம எப்படிம்மா உறுதியாச் சொல்ல முடியும்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அவருக்கு இரைச்சலான எடத்துல மட்டும் நல்லாக் கேக்குமா?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அதை வைத்துத்தானே உங்களைக் குற்றவாளி ஆக்கினோம்! அருவி கொட்டுகிற இரைச்சலில் ஒருவர் சோப்பு என்றால் சரியாகச் சோப்பை எடுத்து நீட்டுவீர்கள். வீட்டில் அம்மா பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பமாட்டீர்கள். காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்று சொல்வார்கள், உங்கள் பேச்சோ பக்கத்தில் இருப்பவருக்கே எட்டாது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்த நான், பெரிய விஞ்ஞானி மாதிரி, சோதித்துப் பார்க்கக் கிளம்பினேன். கடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பினீர்கள். வீட்டிலும் அப்படியே நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: "நடிக்காரும்மா!"

அருவிக்கரையில் எல்லாரையும் போல நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்கள் காதைக் குழப்புகிற இரைச்சல் இந்த மாதிரிக் காதுக்குள் அவ்வளவாகப் போகாதாம். அதனால் உயர்த்திய குரல் மட்டும் தெளிவாக வந்து சேர்ந்துவிடுமாம். மெதுவாகப் பேசியதற்கும் காரணம் உண்டு. உங்கள் குரல் எலும்பு வழியாக உங்களுக்கே பலமாகக் கேட்டிருக்கும்.

ஏன் அப்பா ஒரு தரம்கூட நீங்கள் சண்டை போடவில்லை? நாங்கள் சொல்லிச் சொல்லி, நீங்களும் அதை நம்பிவிட்டீர்களா?

அம்மாவின் மனத்தாங்கல் ஒன்று உங்களுக்குத் தெரியாது. மாமா கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் உங்களைக் 'காரியச் செவிடு' என்று சொல்லிவிட்டாள் அல்லவா? வீட்டுக்கு வந்ததும், முகம் பார்க்க வெட்கப்பட்டு, அடுப்படியில் நின்றபடி உங்கள் முதுகைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாளாம். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் கடைசிவரை அவள் உங்களிடம் மனசுவிட்டுப் பேசவே இல்லை.

இதை வைத்துக்கொண்டுதான் பத்து நாள் நடந்தேன். சொன்னால் அம்மா தாங்குவாளா? சொல்லாவிட்டால் உங்களை மறுபடியும் கூண்டில் நிறுத்துவது போல் ஆகாதா?

நேற்று மதியம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். உங்கள் ஸ்டூலுக்கு எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன். அவளும் கத்திக் கேட்டாள். வீட்டில் பாதி விட்டுப்போகிற அவள் பேச்சு, அங்கே எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஏட்டி, அப்போ அன்னைக்கு நான் சொன்னது அவுகளுக்குக் கேக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி ரெண்டு பேருக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இங்கன சொன்னா அவுகளுக்குக் கேக்கும்லா?"

தலையாட்டினேன். எழுந்து உங்கள் ஸ்டூலைப் பார்த்து நின்றாள். "நான் சொன்னது தப்பு! மனசுல வச்சுக்கிடாதீய!" சோப்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. வாய் வரவில்லை.

அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கு முன்னால் தம்பியையும் என் ரெண்டு பெண்களையும் காது பார்க்கக் கூட்டிப்போகிறேன். நம் வீட்டில் இனி யாரும் யார் முதுகையும் பார்த்துப் பேசமாட்டோம். காது சரியானாலும் ஆகாவிட்டாலும் சீசன் முடிவதற்குள் கடைக்கு வருவேன். உங்கள் ஸ்டூலுக்கு முன்னால் நின்று, ஊரே திரும்பிப் பார்த்தாலும் சரி, "அப்பா நடிக்கலை" என்று கத்திச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன
உங்கள் மூத்த மகள்