கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியல்

மாத்தளை,
2007 ஒக்டோபர் 30.

றம்லாவுடைய வாப்பாவுக்கு ஹமீமா ஸலாம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தை என் தம்பி லாபிரிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். வழக்கமாக அவன் பையில் கருவாடும் மிளகாய்த் தூளும்தான் உங்களுக்கு வரும், இந்த முறை இதுவும் வருகிறது. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் கார்டில் இருபது நிமிடம் இருந்தால் பத்து நிமிடம் "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மிச்சத்தில் நீங்கள் கோபப்படத் தொடங்கினால் எனக்குப் பேச நேரம் கிடைக்காது. கடிதத்தில் என்னை இடையில் மறிக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து வாசியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் நீங்கள் போனில் சொன்ன சொல்லை நான் மீறிவிட்டேன். கொழும்பு ஏஜென்ட் அனுப்பிய புதிய விலைப்பட்டியலை, பழைய கம்பியூட்டர்கள் விற்று முடியும்வரை மேசை லாச்சிக்குள்ளேயே பூட்டி வைத்திரு என்றீர்கள். ஆறு நாள்தான் வைத்திருந்தேன். இப்போது அது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, ரோட்டில் போகிற எல்லோரும் வாசிக்கிறார்கள்.

அந்த ஆறு பெட்டியும் பழைய விலைக்குப் போனால்தான் கடை தன் காலில் நிற்கும், நீங்கள் அடுத்த இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு வந்துவிடலாம் என்று நாம் பேசி வைத்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அதை மறந்துவிட்டுச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன். எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

பட்டியல் வந்த அன்று உங்கள் கூடப் பிறந்த ஸெய்னுலாப்தீன் நாநாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்துத் துணிக்கடையில் இருந்து அளவுகோலோடே வந்தார். மெமரி 256 எம்.பி. இருந்த இடத்தில் ஒரு ஜி.பி., ஹார்ட் டிஸ்க் இரண்டு மடங்கு, தலையணை மாதிரி இருந்த மொனிட்டருக்குப் பதிலாகத் தட்டையானது. இவ்வளவும் போட்டு, ஐம்பத்தாறாயிரத்துக்கு விற்றதை நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் தருகிறார்களாம். நாநா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். துணியில் இப்படி நடப்பதில்லை, போன வருடத்துச் சாரனை விட இந்த வருடத்துச் சாரன் மெல்லியதாகவும் விலை கூடியதாகவும்தான் இருக்கும் என்றார். பிறகு அவரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார், பூட்டி வை என்று.

அடுத்த நாள், அதாவது நீங்கள் போன் எடுத்த மறுநாள், அழகையா என்று ஒருவர் கடைக்கு வந்தார். பலாபத்வல தாண்டி மலைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் என்றார். என்ன விலை என்று கேட்டார். லாச்சி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு என்றேன். பேரம்கூடப் பேசவில்லை, நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். தோட்டத்து ஆட்கள் வாங்கினால் நான் பில்லைச் சிங்களத்தில்தான் எழுதுவேன், அடையாள அட்டை இலக்கமும் போட்டு. இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, எதற்கு என்று அரை நாள் மறித்து வைப்பார்கள். அன்றும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்கு எனக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார்.

பெட்டியைக் கொண்டுபோனவர் அதைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாரம் சரஸ்வதி பூசை. மகளுடைய புத்தகங்களோடு கம்பியூட்டர் பெட்டியையும் அப்படியே சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசி, பூ வைத்துவிட்டார்களாம். பூசையில் வைத்ததை விஜயதசமிவரை யாரும் தொடக்கூடாது. விஜயதசமி அன்றும் வயர்களைப் பிழையாகப் பூட்டிவிடுவோமோ என்று பயந்து பிளாஸ்டரைக்கூடப் பிரிக்காமல், திங்கட்கிழமை காலையில் அழகையா என்னிடம் வந்தார், பூட்டிக் கொடுக்க ஒரு ஆள் வர முடியுமா என்று கேட்க. கையில் ஒரு டிபன் நிறைய அவலும் கடலையும். மகள் கொடுத்துவிட்டாளாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் மனிதர். எங்கள் கடையைப் பற்றித் தோட்டம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். மாத்தளையில் ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார், ஏமாற்று இல்லை, பில்லைக்கூடச் சிங்களத்தில் எழுதித் தருகிறார் என்று. மூன்று பேர் அடுத்த சம்பளத்துக்கு வருகிறார்களாம், அதே கம்பியூட்டர், அதே விலை. முகமெல்லாம் சிரிப்பாக இதைச் சொல்கிறார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள், கடையில் மிச்சமிருந்த ஐந்து பெட்டியில் மூன்றைக் கழித்துவிட்டேன். மிச்சம் இரண்டு. இரண்டைத் தள்ளிவிடுவது பெரிய வேலையா? உங்கள் டிக்கட்டை யோசித்தேன், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் பிடிப்பதை யோசித்தேன், வெள்ளிக்கிழமையானால் நல்லது என்றுகூட யோசித்தேன். இத்தனையும் அந்த மனிதர் எனக்குக் கொண்டுவந்த அவலைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. லாச்சியைத் திறந்து பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நீங்கள் வாங்கிய அன்று இது என்னிடம் இருந்தது என்று சொன்னேன்.

சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தால் அது என் மடத்தனம். சிரிப்பு போய்விட்டது. பட்டியலில் இருந்த திகதியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா. நான் அவங்க மூணு பேருகிட்டயும் ஒங்களுக்காக வாக்கு குடுத்துட்டேனே."

பெட்டியை மாற்றிப் புதியதைத் தருகிறேன், மிச்சப் பணத்தையும் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் போனதும் பட்டியலை நானே கண்ணாடியில் ஒட்டினேன், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

கொழும்பில் இருந்து புதியவை வந்ததும், ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதை எடுத்து வர நானே த்ரீவீலரில் போனேன். அவரைத் திரும்பவும் பெட்டியோடு சாவடியைத் தாண்ட வைக்க எனக்கு மனமில்லை. வரும்போது ஆமிக்காரர் நிறுத்தினார். குங்குமம் பூசிய பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலை குறைந்துவிட்டது, அதனால் மாற்றிக் கொடுத்தேன் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு, புதியது எவ்வளவு, தட்டை மொனிட்டரும் சேர்த்தா என்று கேட்டார். குருநாகலில் தம்பி படிக்கிறானாம். விலையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பயப்பட வேண்டாம், வேறொன்றும் நடக்கவில்லை. பஸ் நிலையத்தில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், கடையை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

பட்டியல் ஒட்டியதில் இருந்து கடைக்கு வெளியே கூட்டத்துக்குக் குறைவில்லை, உள்ளேதான் ஆள் இல்லை. ஆவணி மாதம் வாங்கிய கணக்கு டியூஷன் மாஸ்டர் தினமும் மாலையில் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, லொத்தர் இலக்கம் பார்ப்பதுபோல் கடைசிவரி வரைக்கும் வாசித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போகிறார். போன வருடத்தில் இருந்து விலை கேட்டுக்கொண்டே இருக்கிற பேக்கரி முதலாளி, ஒரு மாதத்தில் ஆறாயிரம் இறங்கினால் தீபாவளிக்கு இன்னும் இறங்கும், பொறுப்போம் என்கிறார். இவர் பொறுத்துப் பொறுத்து இவருடைய பேரப்பிள்ளைக்குத்தான் வாங்கப் போகிறார். இன்னொருவர் தட்டை மொனிட்டரைத் தூக்கிப் பார்த்து, கொடுக்கிற காசுக்குக் கனமே இல்லையே என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த மெமரிதான். பழையதில் 256 என்று இருக்கிறது, புதியதில் 1 என்று இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் இருநூற்றைம்பத்தாறை ஒன்றாகக் குறைத்துவிட்டு விலையையும் குறைத்ததுபோல் ஏமாற்றுகிறார்கள் என்று கொழும்புக்காரர்களைத் திட்டுகிறார்கள். நாநாவுக்கு இது தெரிந்ததும் கண் மின்னியது. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்களே 256ஐக் கேட்டு வாங்கிப் போவார்கள், வாயை மட்டும் மூடிக்கொண்டிரு என்றார். அவர் கெட்டவர் இல்லை, தன் தம்பி நீங்கள் வீடு வரவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருக்கிறது. ஆனால் நான் பட்டியலுக்குக் கீழே சிவப்புப் பேனாவால், புதிய ஒன்று பழைய 256ஐப் போல் நான்கு மடங்கு என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டு நாளாக நாநா என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை.

பழைய பெட்டிகளுக்கு, பழைய மாதிரி என்று சீட்டு எழுதித் தொங்கவிட்டு, முப்பத்தெட்டாயிரம் போட்டேன். நாம் வாங்கிய விலையை விடக் குறைவு. ஏஜென்ட் திருப்பி எடுக்க மாட்டாராம், குங்குமம் பட்டதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பல்லேபொலயில் இருந்து மிளகு விற்க வந்த ஒரு பெண், இரண்டு விலையையும் மிளகுக் கிலோவாக மாற்றிக் கணக்குப் பார்த்து, தன் பிள்ளைகளுக்குப் பழையதே போதும் என்று அந்தக் குங்குமப் பெட்டியைத்தான் வாங்கிப் போனார். ஒருமுறை பூசையில் இருந்தது நல்லதுதான் என்றார். அழகையா சொன்ன மூன்று பேரில் இருவர் வந்து புதியதற்கு முற்பணம் கொடுத்தார்கள். மூன்றாமவர் வரவில்லை. அழகையாவும் வரவில்லை. டிபனைக் கழுவி அந்த இருவரிடம்தான் கொடுத்துவிட்டேன்.

ஆகவே ஐந்து பெட்டி அப்படியே இருக்கிறது, போட்ட பணத்தில் பெரிய துண்டு விழப்போகிறது. இதை வாசித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெயிலில் நின்று சம்பாதித்தவன் நான், நல்ல பெயர் எடுத்தவள் அவள் என்று நினைப்பீர்கள். நினையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் நான் உங்களை வேண்டாம் என்று அந்தப் பட்டியலை ஒட்டவில்லை. ஒட்டும்போது எனக்கு அழுகை வந்தது. அழகையாவுக்காக என்று நாநா நினைத்திருப்பார்.

கம்பெனிக் கடதாசியில் நவம்பர் முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும் என்று லாபிர் சொன்னான். நட்டம் வந்துவிட்டதே, இன்னும் இரண்டு வருடம் இருந்து ஈடுகட்டுவோம் என்று உங்களுக்குத் தோன்றும். நான் கேட்பது இதுதான், நட்டத்தோடேயே வாருங்கள். ஒரு கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன, கம்பியூட்டர் திருத்தத் தெரிந்தவர் நீங்கள், மாத்தளையில் பழுதாகாத கம்பியூட்டரா இருக்கிறது? கடை இடம் நாநாவுடையது, வாடகையை உயர்த்த மாட்டேன் என்று கோபத்துக்கு நடுவிலும் சொல்லிவிட்டார். இந்த விலைகள் ஒவ்வொரு மாதமும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எது இறங்கினாலும் நீங்கள் அங்கேயே இருப்பது என்றால் அதற்கு முடிவே இல்லை.

றம்லா சுகமாக இருக்கிறாள். முன்பக்கத்துப் பல் ஒன்று விழுந்துவிட்டது. வாப்பா எப்போது வருவார் என்று அவள் இப்போது கேட்பதில்லை. வாப்பா எத்தனை மணிக்குப் போன் எடுப்பார் என்றுதான் கேட்கிறாள்.

உங்கள் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அவை அந்தக் கடதாசியில் மட்டும் கையெழுத்து வைக்காமல் இருக்கட்டும்.

உங்கள்
ஹமீமா