இன்னிக்கு எத்தனை?

மார்ச் 4

ஜட்ஜம்மாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, சொல்ல வேண்டியதை எழுதுங்கள், எழுத்தில் குரல் உயராது என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, உன் தீர்ப்புப்படியே ஆகட்டும். என் கையெழுத்தைப் பார்த்து உன் அக்கா சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். இருபது வருஷம் லிஃப்டுக்கு மேலே குத்தவைத்து ரிப்பேர் பார்த்தவன் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

நீயும் நம் சின்னவளும் அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. என் இடது காலும் அப்படியேதான், இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை எரிகிறது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எட்டு.

புதிதாக ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். வலிக்கென்றே தனியாகப் படித்தவராம். என் ஃபைலை முதல் தாளிலிருந்து படித்தார். லிஃப்ட் குழியில் விழுந்த வருஷம் செய்த ஆபரேஷன், அதற்குப் பிறகு முதுகில் போட்ட மூன்று ஊசிகள், நரம்பைச் சூடு வைத்து மரத்துப்போகச் செய்தது, நாளெல்லாம் தூங்கி விழ வைத்த மாத்திரைகள், எதையும் விடவில்லை. படித்து முடித்துவிட்டு, "இவ்வளவையும் தாங்கிட்டா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். இந்த நான்கு வருஷத்தில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த அம்மாவுக்கு வராமலே தெரிந்திருக்கிறது.

அவர் சொல்லும் வைத்தியம் இதுதான். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி வைத்து அதில் துளி மின்சாரம் விடுவார்கள். மூளைக்கு ஏறும் வலியை அது வழியிலேயே மழுங்க அடிக்குமாம். முதலில் ஒரு வாரம் பெட்டியை இடுப்பில் கட்டிச் சோதனை. வலி பாதியாவது குறைந்தால் பெட்டியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கத்தியது நான் இல்லை, வலி. தட்டை எறிந்ததும் அதுதான். அது போகட்டும், பழைய ஆளைப் பார்ப்பாய். அப்போது திரும்பி வருவாயா?

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 13

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் வந்தது. அக்கா சிரிக்கவில்லை, இது எந்த மொழி என்று கேட்டுவிட்டுக் கையில் கொடுத்தாள். நான் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடை என்பதால் பிழைத்தேன். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டு லென்ஸ் மாற்றுகிறேன். வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் கேட்டுக்கொண்டால் இரண்டுமே மங்கலாக இருக்கிறது.

முதுகில் கம்பி என்றால் சின்ன விஷயமில்லை. டாக்டர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்தது மட்டும்தான் உங்கள் காதில் விழும்.

வலிதான் பேசியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். மேல் வீட்டுக்காரர்கள் கேட்டபோது அதைத்தான் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். அக்கா மட்டும், "வலிதான் பேசுதுன்னா, அது ஏண்டி உங்கிட்டயும் புள்ளைகிட்டயும் மட்டும் பேசுது? டாக்டருங்ககிட்ட பேசலையே" என்றாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

நான் ஏன் கிளம்பினேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. சின்னவள் பள்ளிவிட்டு வந்ததும் உங்கள் அறை வாசலில் நின்று, "அப்பா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பாள் அல்லவா? மகளுக்கு என்ன பாசம் என்று நீங்கள் பூரித்துப்போவீர்கள். ஒரு நாள் அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "மூணு வரைக்கும் உள்ளே போகலாம். அஞ்சுன்னா வாசல்ல நின்னு பேசலாம். ஏழுன்னா மேல் வீட்டுக்குப் போயிடணும்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள். எட்டு வயசுக் குழந்தை. அன்றைக்குத்தான் பெட்டி கட்டினேன்.

வலி குறையட்டும். குறைந்தால் வந்து இரண்டு நாள் இருந்து பார்க்கிறோம். அதற்குமேல் இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜட்ஜம்மா

ஏப்ரல் 9

என் ஜட்ஜம்மாவுக்கு,

சின்னவள் நோட்டில் இருந்த அந்த மூன்று வரியை நான்கு நாள் படித்தேன்.

சோதனை முடிந்தது. குப்புறப் படுக்க வைத்து, தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, முழித்திருக்கும்போதே கம்பியை உள்ளே விட்டார்கள். நான் சொல்லச் சொல்லத்தான் அதை நகர்த்த முடியுமாம். எங்கே தெரிகிறது என்று டாக்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தொடையில் எறும்பு ஊர்கிறது என்றேன், முழங்காலில் என்றேன், கட்டைவிரலுக்கு வந்துவிட்டது என்றேன். நான்கு வருஷமாக நெருப்பு இருந்த இடத்தில் வெறும் எறும்பு. கம்பி, பேட்டரி, ரிமோட் என்று என்னையே ஒரு லிஃப்டாக்கிவிட்டார்கள், இனி யாராவது பட்டனை அமுக்கினால் மேல் மாடிக்குப் போய்விடுவேன்.

எட்டு இரண்டாகிவிட்டது. மூன்றாம் நாள் தெருமுனை மருந்துக்கடை வரை நடந்தேன். வரிசையில் நிற்கும்போதுதான், சாய்ந்துகொள்ளச் சுவர் தேடாமல் நிற்கிறேன் என்பது உறைத்தது. கடைக்காரர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் நான் கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்.

22ஆம் தேதி பெட்டியை நிரந்தரமாக வைக்கிறார்கள். "வலியோட சத்தத்தைத்தான் எங்களால குறைக்க முடியும், மத்ததுக்கு எங்க மனநல ஆலோசகரையும் பாருங்க" என்றார் டாக்டர். வலி முதுகில் இருக்க மனசை எதற்குப் பார்க்க வேண்டும் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

தையல் ஆற ஆறு வாரம் ஆகும். அதற்கப்புறம் வாருங்கள். சின்னவள் நேராக உள்ளே வரலாம் என்று சொல்.

உன் லிஃப்ட்காரன்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

ஜூன் 6, 7 சனி ஞாயிறுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சின்னவள் நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டாள். அவளுக்குப் பல் ஒன்று விழுந்திருக்கிறது, அதை உங்களிடம் காட்ட ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், அக்காவுக்குக்கூடத் தெரியாது. ஜூலையோடு வேலையை விடக்கூடும் என்று கடையில் சொல்லி வைத்தேன். பழைய பள்ளியில் இடம் இருக்கிறதா என்றும் விசாரித்தேன். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று வீராப்பாக எழுதியவள் செய்கிற காரியமா இது என்று கேலி செய்யாதீர்கள்.

ஜட்ஜம்மா

ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை முழுக்க நீங்கள் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது போதும் போலிருந்தது.

ரயிலில் சின்னவள் பல் டப்பாவை மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தாள். ஞாயிறு நான் காய் வாங்கப் போயிருந்தபோது நீங்கள் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தீர்களாம். வாசலில் நின்று எத்தனை என்று கேட்டாளாம். ஒன்று என்றீர்களாம். உள்ளே வந்தவள் கால் பட்டு ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்து, எல்லாம் பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டதாம். நீங்கள் கத்தினீர்களாம். ஸ்க்ரூடிரைவர் அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரில் பட்டு விழுந்ததாம்.

"அப்பா பொய் சொல்லிட்டாங்கம்மா. ஒண்ணுன்னு சொன்னாங்க, ஆனா ஒம்பது மாதிரி கத்தினாங்க" என்றாள். பல் டப்பாவை உங்களிடம் காட்டவே இல்லையாம்.

நான் நாலு பேரிடம் விசாரித்துவிட்டேன். அந்தக் கம்பி சில பேருக்கு இடம் நகர்ந்துவிடுமாம், அப்போது வலி திரும்ப வருமாம். தரையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் அப்படி ஆகியிருக்கும். குழந்தை பயப்படக் கூடாது என்று ஒன்று என்று சொல்லியிருப்பீர்கள். அப்படித்தானே? அப்படி என்றால் டாக்டர் சரி செய்துவிடுவார், நாங்களும் சொன்னபடி ஜூலையில் வந்துவிடுவோம். அன்றைக்கு நிஜமாக எத்தனை இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் எதை எழுதினாலும் நம்புவேன்.

ஜட்ஜம்மா

ஜூன் 19

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். 'ஏழு' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி நகர்ந்திருக்க வேண்டும், நகர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அந்த மேசையில் படுத்திருந்தேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். அந்தப் பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

குளியலறைக் கண்ணாடி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமான இரண்டாம் வருஷம், சோப்பு டப்பாவை எறிந்து உடைத்தேனே. வேலை அலுப்பு என்று சொல்லி நீதான் சில்லுகளைப் பெருக்கி எடுத்தாய். அப்போது எனக்கு ஒரு வலியும் கிடையாது, நாளுக்கு இருபது மாடி ஏறி இறங்கினேன். குழியில் விழுந்த பிறகு நம் இரண்டு பேருக்குமே வசதியாகப் போய்விட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் உன்னைப் பார்க்கச் சொன்ன பழைய ஆள் இவன்தான்.

மனநல ஆலோசகரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். உன்னை வரவழைக்க இதை எழுதவில்லை. வேலையை விடாதே, கடையில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள். சின்னவளின் பள்ளியையும் மாற்றாதே. உங்களைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கால் எரிச்சலைவிட அதிகமாக வலிக்கிறது, அதற்கு என்னிடம் ரிமோட் இல்லை. ஆனாலும் வராதே.

சின்னவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. அந்த நோட்டில் அவள் எழுதி வைத்த கணக்கு தப்பு, அப்பாவிடம் வர அந்த எண் உதவாது. மற்றபடி அப்பா அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. ஒன்றுதான் இருந்தது.

இப்படிக்கு,
அவள் அப்பா