சாதுவான சுறா

ஜூலை 8, செவ்வாய்
ஒரே காற்று. கொடியில் ஒரு துணியும் நிற்கவில்லை. இந்த நாட்குறிப்பில் எதையும் மறைக்காமல் எழுதுவேன், எனக்குப் பாதகமாக இருந்தாலும்.

அறிவியல் கண்காட்சிக்குச் சுறாக்கள். நானே கேட்டு வாங்கிய தலைப்பு. என் அக்கா கோகிலா வேலை செய்யும் கம்பெனியில் குழந்தைகள் பனியனில் சுறா பிரிண்ட் ஓடுகிறது. ரிஜெக்ட் பீஸ் இரண்டு கொண்டுவந்தாள், வெட்டி ஒட்ட. இதுவரை:

புலிச்சுறா – குட்டியில் வரி, வளர வளர மங்கும்.
கொம்பன் சுறா – தலை சுத்தியல் மாதிரி.
திமிங்கலச் சுறா – எல்லாவற்றிலும் பெரியது, தின்பது பொடி உயிர்களை.
செவிலிச் சுறா – பகலில் கடலடியில் படுத்தே கிடக்கும். நூலகப் புத்தகத்தில்: "சாதுவானது. சீண்டினால் கடிக்கும்."

அக்கா ஓவர்டைம் (ஓ.டி.) முடிந்து செல்வராசு மாமா வண்டியில் வந்தாள். மாமா அம்மாவின் சித்தப்பா மகன், அக்கா தைக்கும் லைனுக்குச் சூப்பர்வைசர். அக்கா வந்ததும் படுத்துவிட்டாள்.

ஜூலை 10, வியா.
தமிழில் முதல் மதிப்பெண். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாமா வண்டியில் இனி வரமாட்டேன் என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். பீஸ் பார்க்கிற சாக்கில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாராம். தோளில் கை வைக்கிறாராம். வழியில் வேண்டுமென்றே பிரேக் போடுகிறாராம். நான் கணக்குப் போடுவதுபோல் இருந்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "மொறையுள்ளவன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? அவன் சாது, கண்ணு. நீ ஏதாச்சும் எடக்காப் பேசியிருப்ப."

அப்பா காதுக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பு வேறு. நான் அக்கா பக்கம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஜூலை 11, வெ.
அகராதி பார்த்தேன். சாது: அமைதியான, தீங்கு செய்யாத. யாருக்கு என்று போடவில்லை. செவிலிச் சுறா இருட்டியதும் கிளம்பி நண்டை உறிஞ்சி எடுக்கும். புத்தகம் எழுதியவர் நண்டைக் கேட்கவில்லை. "சீண்டினால்" என்பதும் அப்படித்தான். கடிபட்டவர்தான் சீண்டினார் என்று யாரும் எழுதிவிடலாம்.

கண்காட்சி அட்டையில் "சாதுவானது" என்று எழுதியதை அடித்தேன். ஏன் இந்த அடித்தல் என்று அறிவியல் மிஸ் கேட்டார். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்கா இன்றும் அவர் வண்டியில்தான் வந்தாள். ஓ.டி. நாளில் கம்பெனி வேன் நெருப்பெரிச்சல் ஊரோடு நின்றுவிடும், எங்கள் ஊர் வரை வராது.

ஜூலை 13, ஞாயிறு
மத்தியானம் கோழிக்குழம்பு. மாமா வந்தார். அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தவர், என் அட்டைகளைப் பார்த்து, "இதுல உங்கக்கா எந்தச் சுறா அம்மணி? கிட்டப் போனாலே மொறைக்கறா," என்றார்.

அப்பாவும் சிரித்தார். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா சுறா இல்லீங்க மாமா. நீங்க அவ பின்னாடி வந்து நிக்கறது அவளுக்குப் புடிக்கலீங்க. உங்க வண்டியில வர்றதுக்குப் பயப்படறாளுங்க."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "வெளையாட்டுக்குப் பண்ணுனது மச்சான்," என்றார் மாமா. அப்பா அவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். "நாளையிலிருந்து நானே வந்து கூட்டிக்கறனுங்க." மாமாவிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா போனபின் அம்மா எங்கள் இருவரிடமும் பேசவில்லை. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பா என்று அக்காவைக் கேட்டேன்.

"தெரியலடி. நாளைக்கும் அவரு லைன்லதான உக்காரோணும்," என்றாள். ஆனால் என் பக்கத்தில் வந்து படுத்தாள். இன்னும் விழித்திருக்கிறாள். அம்மா உள்ளே வந்தாள், எங்களைப் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.