மூன்றாம் பெட்டியின் ராணி

அன்புள்ள என் மனைவிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்கத் தேனீக்களைப் பற்றி எழுதியிருந்தாய். என்னைப் பற்றி அரை வரிகூட இல்லை. படித்துவிட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

குளிர் விட்டுவிட்டது. நீ எழுதியபடி வெயில் ஏறிய பிறகே மொட்டை மாடிக்குப் போனேன். நான்கு தேனீப் பெட்டிகளின் அடிப்பலகைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். செத்த ஈக்களே ஒரு முறம் இருக்கும். கறுத்துப்போன அடைகளை எடுத்துவிட்டேன். இரண்டு பெட்டிகளில் தேன் மிச்சமிருக்கிறது. மற்ற இரண்டுக்கும் சர்க்கரைப் பாகு வைத்தேன். மூக்கில் ஒன்று கொட்டியது. இரண்டு நாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் நான்தான் வேடிக்கை.

மாடி வீட்டுக்காரரையும் பார்த்தேன். பெட்டிகளை அகற்றிவிடுகிறோம் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் வாக்குக் கொடுத்தது தப்பு. நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதில் நியாயம் இருக்கிறது. பெட்டிகள் அங்கேயே இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

இனி மறைத்துப் பயனில்லை. மூன்றாம் பெட்டியைத் திறந்தபோது கொட்டிவிடுமோ என்ற பயத்தில், அடை கட்டியிருந்த ஒரு சட்டத்தை நழுவ விட்டேன். ராணி நசுங்கிவிட்டது. நீ ஆசையாக வளர்த்த கூட்டம் அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி செய்துகொடுத்த தச்சரும் தேனீ வளர்ப்பவர்தானே, அவரை அழைத்து வந்து காட்டினேன். "இத்தனை ஆயிரம் ஈ இருக்கு, தேடிப் பிடிச்சு அதையே கொன்னிருக்கீங்களே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு வழி இருக்கிறதாம். அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடலாம். இல்லையென்றால், அவையே ஒரு புழுவைப் புது ராணியாக வளர்த்து எடுக்கும்வரை ஒரு மாதம் பொறுக்கலாம். தேறினாலும் தேறும், தேறாமலும் போகும். ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார். வீட்டில் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். ஆனால் எழுதி அனுப்பாதே. கூட்டத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது என்று தச்சர் சொல்கிறார். அவர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன். அதில் நீ இல்லையென்றால் சனிக்கிழமையும் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் கணவன்