ஆறு மேய்ப்பர்களின் உடுப்பு

4-12-2006, திங்கள். மங்காஃப், குவைத்.

இன்று மட்டும் பதினோரு பிளவுஸ் வந்திருக்கிறது. ஸ்கூல் லீவு விட்டதும் ஊருக்குப் பறக்கிறவர்கள் எல்லோருக்கும் பதினெட்டாம் தேதிக்குள் வேண்டுமாம். அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் துணி. அப்பா பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். டிசம்பர் என்றால் அவரையும் பார்க்க முடியாது.

கேக்குக்குத் திராட்சை ஊற வைக்கலாமா என்று கேட்டேன். "கேக்கு கிடக்கட்டும்ட்டி, முதல்ல இதுக்கு ஊக்கு தச்சுத் தா" என்றாள்.

ஊக்கு தைத்தேன். நூறுக்கு மேல் இருக்கும். கிறிஸ்மஸ் வருகிற மாதிரியே இல்லை.

8-12-2006, வெள்ளி.

பிரபாவதி டீச்சர் வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் சண்டே ஸ்கூல் நடத்துகிறவர். (இங்கே லீவு வெள்ளிக்கிழமை. அதனால் எங்கள் சண்டே ஸ்கூலும் வெள்ளிக்கிழமைதான்.) இருபத்திரண்டாம் தேதி பிள்ளைகளின் நாடகமாம். ஆறு மேய்ப்பர், ஆறு தேவதூதர். பன்னிரண்டு பேருக்கும் உடுப்பு வேண்டும்.

அம்மா துணிக்குவியலைக் கையால் காட்டினாள். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஹெப்சிபா தைப்பா. நான் தொட மாட்டேன். முழுசும் அவ வேலை."

நானா? ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எழுந்து நின்று பாடம் வாசி என்றால் முதல் வரியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவேன். குவைத்துக்கு வந்த பிறகு ஸ்கூலே வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அதிலிருந்து யாரும் என்னை நம்பி ஒரு வேலையும் தந்ததில்லை. இதையும் கெடுத்தால்?

ஆனால் தலையை ஆட்டிவிட்டேன். எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை.

13-12-2006, புதன்.

மேய்ப்பர் உடுப்பு ஆறும் முடிந்தது! நீள வெள்ளை அங்கி, காலர், பட்டன். தலைக்குச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. பழைய காலண்டர் படத்தில் மேய்ப்பர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அம்மா தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அம்மா பிரிக்கச் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

15-12-2006, வெள்ளி.

எல்லாம் போச்சு.

பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ ஹெப்சிபா, இது அப்படியே இந்த ஊர் ஆம்பளைங்க போடற உடுப்புல்ல? திஷ்டாஷாவும் குத்ராவும்! கீழ கடைக்குப் போற மாதிரியே நிக்கிறாங்களே!"

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. தினமும் ரோட்டில் பார்க்கிற உடுப்பு. தைக்கும்போது ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே! என் கண் எங்கே போயிருந்தது?

"நாம அவங்க ஊர்ல இருக்கோம்மா. அவங்க உடுப்ப நாம மேடையில வேஷமா போடறது மரியாதையில்ல" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மாவிடம் சொன்னேன். மெஷின் நின்றது. "துணி பாழாகல. யோசி" என்றாள். மறுபடி மெஷின் ஓடியது.

என்னத்த யோசிக்க? ஒரு வாரம்தான் இருக்கு.

17-12-2006, ஞாயிறு.

காலரை எல்லாம் வெட்டிவிட்டேன். கழுத்தில் வெள்ளி ஜரிகை வைத்தேன். ஆறு அங்கியும் இப்போது தேவதூதர்களுக்கு. நன்றாகத்தான் இருக்கிறது.

மேய்ப்பர்களுக்கு ஒன்றும் இல்லை.

19-12-2006, செவ்வாய்.

கீழே லாண்டரிக்கு அங்கிகளை இஸ்திரி போடக் கொண்டுபோனேன். அங்கே அழகுமலை அண்ணன், சிவகங்கைப் பக்கத்துக்காரர். கடைக்குள் கயிறு நிறைய லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கட்டம், நீலக் கட்டம், காவி. பார்த்துக்கொண்டே நின்றேன். தைக்க வேண்டாம். வெட்ட வேண்டாம். கட்டினால் போதும்!

கேட்க வேண்டுமே. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

"என்னத்தா, பல்லு வலியா?" என்றார்.

"லுங்கி வேணும்ணே. ஆறு. மேய்ப்பனுக்கு." நாடகத்தைப் பற்றிச் சொன்னேன்.

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியாச் சொன்ன போ! எங்க அண்ணன் இன்னிக்கும் ஆடுதான் மேய்க்கிறாரு. இடுப்புல லுங்கி, தலையில துண்டு. ஒங்க சாமி பொறந்தப்ப பாக்க வந்தவன் மட்டும் கோட்டு சூட்டா போட்டுக்கிட்டு வந்திருப்பான்?"

அவர் ரூமில் எட்டுப் பேர். லீவில் ஊருக்குக் கொண்டுபோக என்று பெட்டியில் புது லுங்கி வைத்திருப்பார்களாம். வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாங்களும் வந்து பாக்கலாமாத்தா?" என்று கேட்டார்.

"வாங்கண்ணே" என்றேன். என் குரல்தானா அது?

20-12-2006, புதன்.

டீச்சர் ஒரு லுங்கியை விரித்துப் பார்த்தார். அழகுமலை அண்ணன் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "பெத்லகேம் சிவகங்கைக்குப் பக்கத்துலயா இருக்கு?" என்று சிரித்தார். சரி என்றுவிட்டார்!!

பிள்ளைகளுக்குத்தான் கட்டத் தெரியவில்லை. இங்கேயே பிறந்ததுகள். எங்கள் மூன்றாம் மாடி ஸ்வாதி "பாத் டவல் மாதிரி இருக்குக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். நாடகம் என்றதும் தானும் வருவேன் என்று நின்றவள். ஊக்கு குத்தலாம் என்றார் டீச்சர். நான் வேண்டாம் என்றேன். ஊருக்குப் போகிற புது லுங்கி, ஓட்டை விழக்கூடாது. நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டால் நிற்கும்.

22-12-2006, வெள்ளி.

நிற்கவில்லை.

தேவதூதன் கையைத் தூக்கினான். மேய்ப்பர்கள் பயந்து குனிய வேண்டும். ஸ்வாதி குனிந்தாள். லுங்கி சரிந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. உள்ளே ஜீன்ஸ் போட்டிருந்தாள், நல்லவேளை. ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உதடு பிதுங்கியது. அடுத்த வசனம் அவளுடையது. மற்ற ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள். தேவதூதன் தூக்கிய கையை இறக்கவில்லை.

ஊக்கு குத்தாதே என்று சொன்னவள் நான். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் பாவாடை நாடா இருந்தது.

போய்விட்டேன். மேடைக்கு. இருநூறு பேருக்கு முன்னால் உட்கார்ந்து அவள் இடுப்பில் நாடாவைச் சுற்றினேன். "எனக்கு லைன் மறந்துபோச்சுக்கா" என்று காதில் அழுதாள். எனக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்:

"ஏ, எல்லாரும் எந்திரிங்க! இங்கனயே நின்னா விடிஞ்சிரும்லா? ஆட்ட ஓட்டிக்கிட்டு வாங்க, பிள்ளையப் பாத்துட்டு வருவோம்!"

சிரிப்பு நின்றது. கைதட்டல். கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் — அழகுமலை அண்ணன் ரூம்காரர்கள்தான், வேறு யார்? பிள்ளைகள் என் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. தொழுவம் வரை போய், அவர்களோடு முழங்கால் போட்டுக் கடைசி வரை இருந்தேன். சுரிதாரில்.

அம்மா முன் வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் சரிட்டி. கழுத்துல கிடந்த இன்ச் டேப்பையாவது கழத்தி இருக்கலாம்லா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

23-12-2006, சனி.

லுங்கிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

25-12-2006, திங்கள்.

காலையில் ஆராதனை. அப்பாவுக்கு இரண்டு மணி வரை டியூட்டி. வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மெஷின் மூடிக் கிடக்கிறது. இன்றைக்கு என்னென்ன நடந்தது என்று விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பெல் அடித்தது. ஆறு மேய்ப்பர்களும். ஒவ்வொரு பிளாட்டாகப் போய்ப் பாடப் போகிறார்களாம்.

"ஆனா கதவு தெறந்ததும் நீங்கதான்க்கா பேசணும்" என்றாள் ஸ்வாதி. "எங்களுக்கு வெக்கமா இருக்கு."

என்னிடம் வந்து சொல்கிறாள்!

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க, உடுப்பு மாத்திட்டு வாரேன்" என்றேன். அதில் மூன்று நிமிஷம் இதை எழுதுவதிலேயே போய்விட்டது. வாசலில் இப்போதே பாட ஆரம்பித்துவிட்டார்கள், ஆளுக்கொரு சுருதியில்.

எழுத நேரமில்லை.