எல்லாம் நானே செய்வன்

அம்மா,

உங்களுக்கு மருந்துக் குளிசை எடுக்க மல்லாவிக்குப் போகிறேன். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன். புட்டு குசினியில் மூடி இருக்கிறது.

நேற்று கிளினிக்கிலிருந்து வந்த அக்கா, வருத்தம் வந்தபிறகு உங்களால் எதையெல்லாம் தனியே செய்ய முடிகிறது என்று தாளைப் பார்த்துக் கேட்டார். சீப்பால் தலை இழுக்க, சட்டை பூட்ட, வாளி தூக்க. “ஓம் பிள்ளை, எல்லாம் நானே செய்வன்” என்றீர்கள். ‘சிரமம் இல்லை’ என்ற கட்டங்களில் அவர் புள்ளடி போட்டுக்கொண்டே போனார். உங்கள் மானத்துக்காக நானும் பேசாமல் நின்றேன்.

“அப்ப தங்கச்சி ஏன் பள்ளிக்கூடம் போறேல்ல?” என்று என்னைக் காட்டி அவர் கேட்டார்.

“அவளுக்குப் படிப்பு ஏறேல்ல. அதுதான் நிண்டிட்டாள்” என்றீர்கள்.

பத்தாம் ஆண்டில் நான் வகுப்பில் முதலாவது, அம்மா. உங்கள் விரல்கள் மடங்காமல் போன மாதம்தான் நின்றேன். என் கொப்பியில் திகதி இருக்கிறது.

இன்றைக்குத் தலையை நீங்களே இழுங்கள். சீப்பு அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

சிவரூபி

சீப்பை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். கையை உயர்த்தி நோவைக் கூட்டாதீர்கள். வந்து நானே இழுத்துவிடுகிறேன். ஆனால் கதைக்க மாட்டேன்.