சக்கரவர்த்தியின் வயிறு

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதுமாக. மீன் தொட்டி மோட்டாருக்கு இருமல்.

தொட்டிக்குள் சக்கரவர்த்தி உப்பிவிட்டார். நேற்று வரை எலுமிச்சம்பழம், இன்று சாத்துக்குடி. நாளை பூசணி ஆனால் கண்ணாடி தாங்காது, பெரம்பலூரே வெள்ளத்தில் போகும். தலை கீழே, வால் மேலே. பக்கத்தில் போனால் துள்ளிக்கொண்டு வருகிறவர், இன்று ஒரு கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தார். நான் வந்தால் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் இந்த வீட்டில்.

சந்தேகம் ஒருவர் மேல்தான். அரியலூரிலிருந்து அக்காவோடு வந்து தங்கியிருக்கும் மாமா, அவள் வீட்டுக்காரர். ஆயுள் முழுக்கச் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த மகான். சொந்த வீட்டுத் தளம் ஒழுகுகிறது. மழை விடும் வரை முகாம் இங்கே.

தொட்டியைக் குனிந்து பார்த்து அவர் சொன்னது: "மாசமா இருக்கும் மாப்ள. வளைகாப்பு போட்ரு."

"அது ஆம்பள மீனு மாமா."

"கல்யாணமே கட்டாதவன். ஒனக்கு என்ன தெரியும்."

அடுப்படியிலிருந்து அக்கா: "ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்."

வாங்க வேண்டியது: கொசுவத்தி, பல்பு, மீன் தீனி டப்பாவுக்குப் பூட்டு.

ஐப்பசி 10, திங்கள்

தூறல். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கலர் மீன் கடை. கடைக்காரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மேலேர்ந்து பாத்தீங்களா? செதிலு தூக்கிட்டு நிக்குதா?"

"இல்ல. படிஞ்சுதான் இருக்கு."

"அப்பப் பொழைக்கும். தூக்கியிருந்தா நீர் கோத்துருச்சுன்னு அர்த்தம், கஷ்டம். இது மலச்சிக்கல். தின்னது வயித்துல ஊறிக் கெடக்கு. வூட்ல யாராச்சும் சோறு கீறு போட்டாங்களா?"

யாராச்சும். அந்த ஒரு சொல்லுக்கே அவனுக்கு நாலு ரோட்டில் சிலை வைக்கலாம்.

வைத்தியம்: மூன்று நாள் பட்டினி. நடுவில் பேதி உப்புக் குளியல். அப்புறம் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி.

மெடிக்கலில் பேதி உப்பு. "யாருக்குங்க?" "சக்கரவர்த்திக்கு." அந்தப் பெண் பொட்டலத்தை வீசாத குறை.

ராத்திரி சாப்பாட்டில் நேராகவே கேட்டேன். "தொட்டியில என்ன போட்டீங்க மாமா?"

"ஒன் வூட்ல எனக்குச் சோறு கெடைக்கிறதே பெருசு. இதுல மீனுக்கு வேற பங்கு வைப்பனா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கடைசித் தோசையையும் முடித்த பிறகுதான் தள்ளினார் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

பக்கெட்டில் தொட்டித் தண்ணீர், பேதி உப்பைக் கரைத்து, சக்கரவர்த்தியை இறக்கி, காவலுக்குக் குந்தியிருந்தேன். கால் மரத்தது. ரஞ்சன்குடிக் கோட்டையை முற்றுகையிட்டவன்கூட இப்படிக் குந்தியிருக்க மாட்டான். மாமா துண்டோடு வந்து நின்றார்.

"வந்த மனுசன் குளிக்க பக்கெட்டு இல்ல. மீனு குளிக்குது."

"பேதி உப்பு மாமா. வேணும்னா எறங்குங்க."

அதோடு பேச்சு நின்றது. அக்கா வழியாகத் தூது.

"டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லு."

"அவன் காத மூடிக்கச் சொல்லு."

அக்கா முகம் சரியில்லை.

சாயங்காலம் சக்கரவர்த்தி பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தார். விரலால் தொட்டேன். செவுள் அசைந்தது. ராத்திரி நானும் பட்டினி. யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி 13, வியாழன்

மழை விட்டது. பட்டாணியை நசுக்கி நகக்கண் அளவு கொடுத்தேன். முறைத்தார். துப்பினார். தின்றார்.

மத்தியானம் வெளியேறியது. நூலா அது, தேர் வடம். தொட்டியை இரண்டு சுற்று சுற்றியும் மிச்சம். ஊடே வெள்ளையாக, ஊறின பருக்கை மாதிரி. ஆக, சோறு. ஆக, மாமா.

"சாட்சி கெடச்சிருச்சு மாமா. மழையும் விட்டிருச்சு. அரியலூர் பஸ் ஓடுது."

மாமா பையை எடுத்து வேட்டியை மடித்து வைத்தார். "நாளான்னிக்குப் போறோம்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

ஐப்பசி 14, வெள்ளி

எழுந்தபோது ஊதுபத்தி வாசம். கூடத்தில் அக்கா, ஈரத் தலை, தொட்டி மூடி திறந்திருக்கிறது, கை நிறையப் பொரி.

"அக்கா."

பொரி எல்லாம் தரையில்.

"வேண்டுதல்டா. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருந்தா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயில் கொளத்து மீனுக்குப் பொரி போடறேன்னு வேண்டிக்கிட்டேன். மழையில கீழப்பழுவூர் வரைக்கும் எங்கடா போறது. மீனுன்னா எல்லாம் மீனுதானன்னு..."

போன வெள்ளியும் ஒரு கை. குளத்தில் ஊர்ப்பட்ட மீன்கள் பங்கு போட்டுத் தின்பதை இவர் ஒருவராகவே தின்று தீர்த்திருக்கிறார். உள்ளே போன பொரி ஊறாமல் என்ன செய்யும்.

"மாமாகிட்ட சொல்லிராதடா. வெளிய தெரிஞ்சா பலிக்காது. ஒனக்குத் தெரிஞ்சதுலயே பாதி போச்சு."

தரையில் கிடந்த பொரியைப் பொறுக்கித் தின்றேன். சாட்சியம் அழிந்தது. பிறகு மாமா கட்டிலருகே போய் நின்றேன். வாய் வரவில்லை, வரவழைத்தேன்.

"சோறு இல்ல மாமா. தீனிய நான்தான் அதிகமாப் போட்டுட்டேன்."

"அதத்தான் மொத நாளே நெனச்சேன். அளவு தெரியாதவனுக்கு எதுக்குடா மீனு." பையிலிருந்து வேட்டி வெளியே வந்தது. "எங்க தளம் காயத் தை ஆயிரும். அதுவரைக்கும் தீனி நான் போடறேன். நீ பாத்துக் கத்துக்க."

அடுப்படியில் அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பலித்துவிட்டதாம்.

ஐப்பசி 15, சனி

மறுபடியும் மழை. சக்கரவர்த்தி எலுமிச்சம்பழத்துக்குத் திரும்பிவிட்டார். என்னைப் பார்த்துத் துள்ளினார். தீனி டப்பா சாவி மாமா அரைஞாணில். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது: "மாப்ள கொன்னுருப்பான். நான் வந்துதான் பொழைக்க வச்சேன்." சொல்லக்கூடாத பொரி விஷயம் உள்ளே ஊறுகிறது. இப்போது வயிறு உப்பிக் கிடப்பவன் நான்.

பேதி உப்பு பாதிப் பொட்டலம் மிச்சம். நாளைக் காலைக் காபி நான் போடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குச் சர்க்கரை தூக்கலாக.